ஆன் ஆர்பர் பள்ளிகள்: புதிதாகக் குடிவரும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கவோ வேலை பார்க்கவோ ஆன் ஆர்பருக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். புதிதாக வருபவர்களோடு பள்ளி அலுவலகத்துக்குத் துணைக்குப் போய்ப் போய்ப் பழகிய விஷயங்கள்தான் இவை. விதிகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். அதனால் சேர்க்கைக்கு முன் பள்ளி மாவட்ட அலுவலகத்திலும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இது அரசுப் பள்ளிதானே? பல்கலைக்கழகம் நடத்துகிறதா? ஃபீஸ் எவ்வளவு?

அரசுப் பள்ளிதான், ஃபீஸ் கிடையாது. பல்கலைக்கழகத்துக்கும் நிர்வாகத்துக்கும் சம்பந்தம் இல்லை, நகராட்சிக்கும் இல்லை. அமெரிக்காவில் ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’, அதாவது பள்ளி மாவட்டம், என்பது தனி அமைப்பு. அதற்குத் தனி எல்லை, தனி வரவு செலவு, தனித் தேர்தல் எல்லாம் உண்டு. ஆன் ஆர்பர் பள்ளி மாவட்டத்தை மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த 7 பேர் கொண்ட வாரியம் நடத்துகிறது. கிண்டர்கார்டன் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏறக்குறைய 17,000 பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகள் சிலர் ‘கவர்மென்ட் ஸ்கூலா?’ என்று தயங்குவார்கள். இங்கே பேராசிரியர் பிள்ளையும், மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவர் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காரலாம். எனக்கு இந்த ஊரில் பிடித்த முதல் விஷயம் அதுதான். 2023 இலையுதிர் காலத்திலிருந்து மிச்சிகன் மாநில அரசுப் பள்ளிகளில் காலை உணவும் மதிய உணவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம், வருமானச் சான்று கேட்பதில்லை.

எந்தப் பள்ளி கிடைக்கும்? நாமே தேர்ந்தெடுக்கலாமா?

பொதுவாக, வீட்டு விலாசம்தான் பள்ளியைத் தீர்மானிக்கும். வாடகை வீடாக இருந்தாலும் சரி, சொந்த வீடாக இருந்தாலும் சரி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தபால் விலாசத்தில் ‘ஆன் ஆர்பர்’ என்று இருந்தால் அது ஆன் ஆர்பர் பள்ளி மாவட்டம் என்று அர்த்தம் இல்லை. பிட்ஸ்ஃபீல்ட், சயோ போன்ற டவுன்ஷிப் பகுதிகளில் ஆன் ஆர்பர் தபால் விலாசம் இருக்கும் வீடுகள் சில, சலீன் அல்லது டெக்ஸ்டர் பள்ளி மாவட்டத்தில் விழும். அவையும் நல்ல பள்ளிகள்தான், ஆனால் நீங்கள் நினைத்து வந்தது வேறாக இருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், கதவு எண்ணோடு விலாசத்தைப் பள்ளி மாவட்டத்தின் தேடல் பக்கத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். வீட்டைக் காட்ட வருபவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

இடமிருந்தால் வேறு பள்ளிக்கு மாற்றம் கேட்கலாம். அதற்கென்று விண்ணப்பக் காலம் உண்டு, கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

எஃப்-2, ஜே-2, எச்-4 விசாவில் (பெற்றோரைச் சார்ந்து வரும் விசாக்கள்) இருக்கும் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள், கட்டணமும் இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: குடியேற்றத் தகுதி இல்லை என்பதற்காக ஒரு குழந்தைக்கு இலவசப் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளைலர் வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நீங்கள் எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்பதற்குத்தான் பள்ளி சான்று கேட்கும்.

சேர்க்கைக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், வீட்டு ஒப்பந்தம் போன்ற குடியிருப்புச் சான்று, தடுப்பூசி விவரம், பழைய பள்ளியின் மதிப்பெண் அட்டை. கிண்டர்கார்டனுக்குக் கண் பரிசோதனை, காது பரிசோதனை விவரமும் கேட்பார்கள்.

தடங்கல் வருவது பெரும்பாலும் தடுப்பூசியில்தான். நம் ஊர்க் குழந்தை மருத்துவர் தரும் அந்தச் சின்னப் புத்தகத்தை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் தேதி நாள்-மாதம்-வருடம் என்று இருக்கும், இங்கே மாதம்-நாள்-வருடம் என்று படிப்பார்கள். 05/08 என்பது ஆகஸ்ட் 5 ஆகவும் படிக்கலாம், மே 8 ஆகவும் படிக்கலாம். ஒரு தடவை இதனால் ஒரு குழந்தைக்கு இரண்டாவது டோஸ் முதல் டோஸுக்கு முன்னாலேயே போட்டதுபோல் பதிவாகி, அலுவலக அம்மாவும் நாங்களும் அரை மணி நேரம் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். கிளம்பும் முன்பே ஒரு வெள்ளைத் தாளில் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதி, மருத்துவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சின்னம்மைத் தடுப்பூசி இங்கே கட்டாயப் பட்டியலில் உண்டு. நம் ஊர் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லாததால் பல பிள்ளைகளுக்குப் போட்டிருக்க மாட்டார்கள். ஏழாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு இன்னும் இரண்டு ஊசி சேர்ந்துகொள்ளும்.

எந்த வகுப்பில் போடுவார்கள்? ஊரில் ஏற்கெனவே ஒன்றாம் வகுப்பு முடித்துவிட்டாளே!

வயதுதான் கணக்கு. செப்டம்பர் 1-க்குள் 5 வயது முடிந்தால் கிண்டர்கார்டன். டிசம்பர் 1-க்குள் முடிந்தால் பெற்றோர் எழுதிக்கொடுத்துச் சேர்க்க மாநிலச் சட்டம் இடம் தருகிறது. ஊரில் ஒன்றாம் வகுப்பு முடித்த பிள்ளையை இங்கே மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் போட்டுவிட்டார்களே என்று வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர். வருத்தப்பட வேண்டாம். புதிய நாடு, புதிய மொழி, பனி, வேற்று முகங்கள் என்று எல்லாம் ஒன்றாக வந்து விழும் வருடம் அது. பாடம் தெரிந்ததாக இருப்பது அந்தக் குழந்தைக்கு ஒரு ஊன்றுகோல்.

படிவத்தில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்று கேட்கிறார்கள். ‘தமிழ்’ என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் ஒதுக்கிவிடுவார்களாமே?

தமிழ் என்றே எழுதுங்கள். ‘ஆங்கிலம்’ என்று எழுதினால்தான் நல்லது என்று வாட்ஸாப்பில் சுற்றும் அறிவுரையைக் கேட்காதீர்கள்.

என்ன நடக்கும் என்றால், பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகியவற்றில் ஒரு சோதனை வைப்பார்கள். தேறிவிட்டால் விஷயம் முடிந்தது. தேறாவிட்டால், வழக்கமான வகுப்பில் இருந்தபடியே ஆங்கிலத்துக்குத் தனி உதவி கிடைக்கும். தேறும் வரை வருடா வருடம் சோதனை இருக்கும். அந்த உதவி வேண்டாம் என்று மறுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஆனால் ஏன் மறுக்க வேண்டும்? அது பிள்ளைக்குச் சட்டம் தந்த உதவி. பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டால், முக்கியமான கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். போன் வழியாகத் தமிழில் ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

வீட்டு மொழியை மறைக்கவே கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்த ஊரிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

அது என்ன காரணம்? ஏதோ வழக்கு என்கிறார்களே?

ஆமாம். இங்கே குடிவரும் ஒவ்வொரு பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஆன் ஆர்பரில் மார்ட்டின் லூதர் கிங் பெயரில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. 1970-களில் அந்தப் பள்ளியில் 80 சதவீதம் வெள்ளைப் பிள்ளைகள், 13 சதவீதம் கறுப்பினப் பிள்ளைகள், மீதி ஆசிய, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள். நல்ல வருமானம் உள்ள, படித்தவர்கள் வாழும் பகுதி. அதற்கு நடுவே, கிரீன் ரோட்டில் வருமானம் குறைந்தவர்களுக்கான ஒரு குடியிருப்பு. அங்கிருந்து போன கறுப்பினப் பிள்ளைகள் சிலருக்கு வாசிப்பு வரவில்லை. பள்ளி அவர்களைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்றும் நடத்தைச் சிக்கல் உள்ளவர்கள் என்றும் வகைப்படுத்தியது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ‘என் பிள்ளைக்கு மூளையில் குறை இல்லை, உங்கள் பாடம் அவனிடம் போய்ச் சேரவில்லை’ என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். 1977-ல் கோர்ட்டுக்குப் போனார்கள்.

வழக்கு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது. இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசும் கறுப்பின ஆங்கிலம் தப்பும் தவறுமான ஆங்கிலமா, அல்லது தனக்கென்று இலக்கணம் உள்ள பேச்சா? ஜெனீவா ஸ்மிதர்மன், வில்லியம் லபோவ் போன்ற மொழியியலாளர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அந்தப் பேச்சில் ‘ஹி பி வொர்க்கிங்’ என்றால் ‘அவன் வழக்கமாக வேலை செய்துகொண்டிருப்பான்’ என்று அர்த்தம், ‘ஹி வொர்க்கிங்’ என்றால் ‘இப்போது வேலை செய்கிறான்’ என்று அர்த்தம். பாடப்புத்தக ஆங்கிலத்தில் அந்த வித்தியாசத்தை ஒரே சொல்லில் காட்ட வழியில்லை. அதாவது, குறை என்று திருத்தப்பட்டது ஒரு இலக்கண விதி.

1979 ஜூலை 12 அன்று நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிள்ளையின் வீட்டு மொழி தானாகத் தடை ஆகிவிடுவதில்லை, ஆசிரியர் அதை அறியாமலும் மதிக்காமலும் பாடம் நடத்தும்போதுதான் அது தடையாகிறது என்பதே தீர்ப்பின் உள்ளடக்கம். அந்தப் பேச்சு வழக்குள்ள பிள்ளைகளை அடையாளம் காணவும், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வாசிப்புச் சொல்லித்தரவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று உத்தரவு. கறுப்பின ஆங்கிலத்தில் பாடம் நடத்தச் சொல்லிவிட்டார் என்று அப்போது பலர் தவறாகப் பேசினார்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் பொது ஆங்கிலம் கற்க வேண்டும் என்பதுதான் நோக்கம், அதற்கான பாதையைத்தான் தீர்ப்பு பேசியது.

தமிழ் பேசும் நமக்கு இது சட்டென்று புரியும். ‘வந்துட்டாங்க’ என்று பேசிவிட்டு ‘வந்துவிட்டார்கள்’ என்று எழுதிப் பழகியவர்கள் நாம். ‘வந்துட்டாங்க’ என்று எழுதிய பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையில் சுழித்து ‘மக்கு’ என்று சொன்னால் அந்தப் பிள்ளை அப்புறம் வாய் திறக்குமா? கிரீன் ரோட்டுப் பிள்ளைகளுக்கு நடந்தது அதுதான். அதுவும் நாட்டிலேயே பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்று இருக்கும் ஊரில்.

அப்படியென்றால் இவை நல்ல பள்ளிகளா இல்லையா? ரேட்டிங் எல்லாம் அதிகமாக இருக்கிறதே?

நல்ல பள்ளிகள்தான். அர்ப்பணிப்புள்ள ஆசிரியர்கள், அருமையான இசை வகுப்புகள், நூலகம் எல்லாம் உண்டு. ஆனால் ரேட்டிங் என்பது பெரும்பாலும் சராசரி மதிப்பெண். சராசரி எதைக் காட்டும்? ஊரில் எத்தனை பெற்றோர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டும். வீட்டில் ஆயிரம் புத்தகம் இருக்கும் குழந்தை நான்காம் வகுப்பில் நன்றாக வாசிப்பதற்குப் பள்ளிக்கு எவ்வளவு பங்கு, வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது.

நான் பார்க்கச் சொல்வது வேறு. மாநிலக் கல்வித் துறை தேர்வு முடிவுகளைப் பிள்ளைகளின் பிரிவு வாரியாக வெளியிடுகிறது: வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், சிறப்புக் கல்வி பெறுபவர்கள், ஆங்கிலம் கற்பவர்கள். ஒரு பள்ளியின் உண்மையான உழைப்பு அந்தப் பட்டியலின் இந்த வரிகளில்தான் தெரியும். ஆன் ஆர்பரில் இந்த வரிகளுக்கும், அதிக மதிப்பெண் காட்டும் மேல் வரிக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. மாவட்டமே பல வருடமாக ஒப்புக்கொண்டு பேசும் விஷயம் இது. உங்கள் பிள்ளை மேல் வரியில் இருக்கலாம். ஆனாலும் பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது தலைமையாசிரியரிடம், ‘மூன்றாம் வகுப்பில் வாசிப்பு வராத பிள்ளைக்கு இங்கே என்ன செய்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். யார், வாரத்துக்கு எத்தனை நாள், எந்த நேரத்தில் என்று அவரால் சொல்ல முடிந்தால் அந்தப் பள்ளியை நம்பலாம்.

கம்யூனிட்டி ஹை என்று ஒன்று இருக்கிறதாமே, குலுக்கலில்தான் இடம் கிடைக்குமா?

ஆமாம், குலுக்கல்தான். பயனீர், ஹ்யூரான், ஸ்கைலைன் ஆகிய மூன்றும் பெரிய உயர்நிலைப் பள்ளிகள், விலாசப்படி அவற்றில் ஒன்று கிடைக்கும். கம்யூனிட்டி ஹை 1972-ல் தொடங்கிய சின்னப் பள்ளி. ஊருக்குள் வேலை பார்க்கும் ஒருவரிடம் போய் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டு அதற்கு மதிப்பெண் பெறும் வழி அங்கே உண்டு. குலுக்கல் வருவதற்கு முன் பெற்றோர் நாள் கணக்கில் வெளியே வரிசையில் படுத்துக் கிடந்து இடம் பிடித்தார்கள்.

அந்தக் கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. அது முன்பு ஜோன்ஸ் தொடக்கப் பள்ளி. கறுப்பினக் குடும்பங்கள் அதிகம் வாழ்ந்த பகுதியின் பள்ளி. நான்கில் மூன்று பங்கு பிள்ளைகள் கறுப்பினத்தவராக இருப்பது நடைமுறையில் பிரித்துவைப்பதுதான் என்று சொல்லி 1965-ல் வாரியம் அதை மூடியது. பிள்ளைகள் பஸ்ஸில் வேறு பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் தன் தெருவில் இருந்த பள்ளியை இழந்தது யார் என்று பாருங்கள். குலுக்கலில் பெயர் வந்து சந்தோஷமாக அந்தப் படியேறும் பிள்ளைக்கு இதையும் சொல்லிக்கொடுங்கள்.

என் பிள்ளைக்குப் பேச்சு தாமதம் / கவனம் நிற்கவில்லை. பள்ளியில் சொன்னால் பெயர் கெட்டுவிடுமா?

கெடாது. தயவுசெய்து சொல்லுங்கள். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று இரண்டு மூன்று வருடம் காத்திருந்து பிறகு அழுத பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

வாயால் சொன்னால் போதாது. தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள், மின்னஞ்சலும் போதும். ‘என் பிள்ளையைச் சிறப்புக் கல்விக்காக மதிப்பீடு செய்ய வேண்டுகிறேன்’ என்ற ஒரு வாக்கியம் இருந்தால் சட்டத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 10 பள்ளி நாட்களுக்குள் பள்ளி பதில் தந்து உங்கள் ஒப்புதலைக் கேட்க வேண்டும். ஒப்புதல் தந்த 30 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். மிச்சிகனில் சிறப்புக் கல்வி உரிமை 26 வயது வரை நீள்கிறது. இவ்வளவு வயது வரை தரும் மாநிலம் வேறு இல்லை.

மதிப்பீட்டைப் பற்றிப் பேசக் கூப்பிடும் கூட்டத்தில் ஆறேழு பேர் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் தனியாக இருப்பதுபோல் தோன்றும். நண்பர் ஒருவரைக் கூட்டிப்போக உங்களுக்கு உரிமை உண்டு. தாளில் உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படிக்கலாம். பிள்ளைக்கு இரண்டு மொழி தெரிவதுதான் தாமதத்துக்குக் காரணம் என்று யாராவது சொல்லி, வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள். இரு மொழி பேசுவது பேச்சுக் கோளாறை உண்டாக்குவதில்லை.

என் பையன் கணக்கில் இரண்டு வருடம் முன்னால் இருக்கிறான். தனி வகுப்பு உண்டா?

அறிவுத்திறன் மிக்க பிள்ளைகளுக்குத் தனித் திட்டம் நடத்த வேண்டும் என்று மிச்சிகன் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நடுநிலைப் பள்ளியில் கணக்கில் முன்னே போக வழி உண்டு. உயர்நிலைப் பள்ளியில், ஒரு பாடத்தின் இறுதித் தேர்வை எழுதி சி பிளஸ் அல்லது அதற்கு மேல் வாங்கினால் வகுப்பில் உட்காராமலேயே அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கு. தகுதி பெற்ற மாணவர்கள் கல்லூரிப் பாடங்களையும் எடுக்கலாம், மாநிலச் சட்டப்படி பள்ளி மாவட்டம் அந்தக் கட்டணத்தில் பங்கு தரும்.

அதற்காகக் கோடை முழுக்க டியூஷன் வைத்துத் தேர்வுக்குத் தள்ளாதீர்கள். அவனே ஆசைப்பட்டால் சரி.

இவ்வளவு வசதியான ஊரில் பள்ளிக்குப் பணம் இல்லை என்கிறார்களே, ஏன்?

மிச்சிகனில் பள்ளியின் அன்றாடச் செலவை ஊர்க்காரர்கள் நினைத்தபடி வரி போட்டு ஏற்ற முடியாது. 1994 மார்ச்சில் ‘புரொபோசல் ஏ’ என்ற திட்டத்துக்கு மக்கள் ஓட்டளித்தார்கள். வீட்டு வரியிலிருந்து பள்ளிக்குப் போன தொகையைக் குறைத்து, விற்பனை வரியை 4 சதவீதத்திலிருந்து 6 ஆக உயர்த்தி, மாநிலமே தலைக்கு இவ்வளவு என்று பணம் தரும் முறை வந்தது. ஏழை ஊருக்கும் பணக்கார ஊருக்கும் இருந்த பள்ளத்தைக் குறைக்க வந்த முறை, நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் விளைவு என்ன? பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் வரவும் குறையும். அக்டோபரிலும் பிப்ரவரியிலும் தலை எண்ணும் நாள் ஒன்று உண்டு. அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று செய்தி வருவது அதனால்தான். பல்கலைக்கழகம் தன் நிலங்களுக்குச் சொத்து வரி கட்டுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2019 நவம்பரில் ஊர் மக்கள் கட்டடங்களுக்காக 100 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதம் தந்தார்கள். 2024-ல் அதே மாவட்டம் 2.5 கோடி டாலர் பற்றாக்குறை என்று ஆசிரியர்களுக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்தது. புதுக் கட்டடம் எழும்பும்போது ஆசிரியரை அனுப்புகிறார்களே என்று கோபம் வரும். கடன் பத்திரப் பணத்தைச் சம்பளத்துக்குத் தொடச் சட்டம் விடாது என்பதுதான் காரணம்.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை பயனீர் பள்ளிப் பக்கம் போய்ப் பாருங்கள். எதிரே ஒரு லட்சத்துக்கும் மேல் பேர் உட்காரும், பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானம். பள்ளியின் புல்வெளி முழுக்க மஞ்சளும் நீலமும் கொடி கட்டிய கார்கள், பின்கதவைத் திறந்துவைத்துச் சமைத்துச் சாப்பிடும் கூட்டம். அந்தக் கார் நிறுத்தக் கட்டணம் பள்ளிக்கு வருகிறது. பல்கலைக்கழகத்துக்கும் பள்ளிக்கும் உள்ள உறவை அந்தப் புல்லில் நின்றால் கண்ணால் பார்க்கலாம்.

நாங்கள் குடியுரிமை இல்லாதவர்கள். வாரியத்தில் எங்கள் பேச்சு எடுபடுமா?

ஓட்டுப்போடத்தான் குடியுரிமை வேண்டும், பேசுவதற்கு அது தேவையில்லை. மிச்சிகனின் 1976-ஆம் வருடத்துத் திறந்த கூட்டச் சட்டப்படி வாரியக் கூட்டத்துக்கு யாரும் போகலாம், பொதுமக்கள் பேசும் நேரத்தில் பேசலாம். முன்கூட்டியே பெயர் கொடுக்கும் முறையும் நேர வரம்பும் இருக்கும்.

முதல் தடவை போனால் பேராசிரியர்களும் வக்கீல்களும் மைக்கைப் பிடித்து அழகாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், பயமாக இருக்கும். நீங்கள் ஒரு தாளில் நாலு வாக்கியம் எழுதிக்கொண்டு போங்கள்: பிள்ளையின் வகுப்பு, நடந்தது என்ன, வேண்டியது என்ன, எப்போதைக்குள். போவதற்கு முன் சொல்லுங்கள், நானும் கூட வந்து பக்கத்தில் உட்காருகிறேன்.